மூன்றாம் எண் தட்டு

காலை 10.41.

துளி விழுந்தது. திரை இருண்டே கிடந்தது.

நுண்ணோக்கிக்கு அடியில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு பிளாஸ்டிக் தட்டு. மூடியில் மூன்று என்று எழுதிய ஒட்டுச்சீட்டு. உள்ளே சில ஆயிரம் இதயச் செல்கள். அந்தச் செல்களின் மேல்தோலில் ஒரு காது இருக்கிறது, கொழுப்பு அமிலம் வந்து தட்டினால் அந்தக் காது கேட்கும், கேட்டதை உடனே செல்லுக்குள் சொல்லும் என்பதுதான் ஆராய்ச்சிக்காரி ஏழு வருஷமாகச் சொல்லிவருவது. செய்தி உள்ளே போனால் செல் பச்சையாக மினுங்கும்படி சாயம் ஏற்றியிருந்தாள். கொழுப்பு அமிலத் துளி விழுந்த இருபதாவது நொடியில் மினுங்க வேண்டும். அவளுடைய கட்டுரையில் அச்சாகியிருப்பதும் அப்படித்தான்.

இருபது ஆனது. முப்பது ஆனது. பச்சையாவது, பாசியாவது! ஒன்றையும் காணோம்.

விசாரணைக் குழுத் தலைவி பேனா மூடியைத் திறந்து ஏதோ குறித்துக்கொண்டாள். குழுவின் இரண்டாவது உறுப்பினர் கொட்டாவி விட்டார். மூன்றாவது உறுப்பினர் கைபேசியைப் பார்த்தார். புகார் கொடுத்த பக்கத்து ஆய்வகக்காரர் திரைப் பக்கம் சாய்ந்து, சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தார். அதன் நொடிமுள் ஒரு சுற்றுச் சுற்றி முடித்தபோது "ஏன் வரலை?" என்று முனகிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். ஆய்வக உதவியாளர் விளக்கை அணைக்கலாமா என்று கண்ணாலேயே கேட்டார்.

இரண்டாவது நிமிஷம் ஆராய்ச்சிக்காரி அட்ரினலின் துளியை விட்டாள். விட்ட மறுகணம் எல்லாச் செல்களும் பளிச்சென்று மினுங்கின. ஆக, செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. சாயமும் பழுதில்லை. கொழுப்பு அமிலத்துக்கு மட்டும்தான் காது கேட்கவில்லை.

"நாலு மணிக்கு அறிக்கையில கையெழுத்துப் போடுறோம்," என்றாள் தலைவி. "அதுக்குள்ள ஏதாவது சொல்லணும்னா எழுதிக் குடுங்கம்மா."

நாலு மணிக்கு அந்தக் கையெழுத்து விழுந்தால் அவள் வேலை போகும், கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும். இல்லாததை இருப்பதாக எழுதினவள் என்ற பெயர் எங்கே போனாலும் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

புகார் கொடுத்தவருக்கு அந்தக் கட்டடம் முழுக்க ஒரே பெயர்தான், கெடுபிடி. அவரும் இதயச் செல் ஆராய்ச்சிதான். ஏழு மாசத்துக்கு முன்னால் அவள் பரிசோதனையைத் தன் ஆய்வகத்தில் செய்து பார்த்தார். வரவில்லை. மூன்று கடிதம் எழுதினார். மூன்றிலும் ஒரே பல்லவி: வராது, வரவே வராது.

இத்தனையையும் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆராய்ச்சிக்காரியின் நாத்தனார். அண்ணி காலையில் சாப்பிடாமல் ஓடிவந்துவிட்டாளே என்று டிபன் பாக்ஸோடு வந்தவள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தொழில் காது பரிசோதனை. ஆளைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஒலியை அனுப்பி, எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று பார்ப்பது. அதில் முதல் பாடமே மெஷினைப் பார்க்காதே, முகத்தைப் பார் என்பது. அதனால் 10.41க்கு எல்லாரும் திரையைப் பார்த்தபோது அவள் மட்டும் முகங்களைப் பார்த்தாள். நாத்தனார் என்றாலே பாதித் துப்பறிவாளர்தான். மீதியைத் தொழில் கொடுத்திருந்தது.

முற்பகல் 11.05. நடைபாதை.

"அண்ணி, அழுறதா இருந்தா இப்பவே அழுதுடுங்க. அஞ்சு நிமிஷம் தர்றேன். அப்புறம் வேலை இருக்கு."

"என்ன வேலை? எல்லாந்தான் முடிஞ்சுதே. உங்கண்ணனுக்குப் போன் போட்டு, இனிமே வீட்டுச் சமையல் நேரத்துக்கு நடக்கும்னு சொல்லு."

"நீங்க தினமும் சமைச்சா எங்கண்ணன் இதயத்தைத்தான் அடுத்துத் தட்டுல வெச்சுப் பார்க்கணும்."

அழுகைக்கு நடுவில் ஆராய்ச்சிக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைச் சிந்தினாள்.

"இப்ப கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க," என்றாள் நாத்தனார். "காது கேக்கலைன்னு யார் வந்தாலும் நாங்க ரெண்டு விஷயம் பார்ப்போம். காது செத்துப்போச்சா, இல்ல களைச்சுப்போச்சா?"

"களைக்கிறதுன்னா?"

"ஆலையில மெஷின் பக்கத்துல ரெண்டு ஷிப்ட் நின்னுட்டு நேரா எங்கிட்ட வந்தா, நல்ல காதுகூட செவிட்டுக் காது மாதிரிதான் காட்டும். ஓய்வு குடுத்தா திரும்பிடும். உங்க செல்லோட காது களைக்குமா?"

ஆராய்ச்சிக்காரி துடைத்துக்கொண்டிருந்த கைக்குட்டையைக் கீழே இறக்கினாள்.

"களைக்கும். கொழுப்பு அமிலம் ஒரு தடவை நல்லாத் தட்டிட்டுதுன்னா செல் அந்தக் காதை உள்ளே இழுத்துக்கும். சும்மா சும்மா கத்தினா இதயம் தாங்குமா? அது செல்லே போட்டுவெச்ச கட்டுப்பாடு. அமைதியா விட்டா ரெண்டு மூணு மணி நேரத்துல மறுபடி வெளியே நீட்டும். என் ஆராய்ச்சியில பாதியே இதுதான்." சட்டென்று நிறுத்தினாள். "ஆனா யாரும் தட்டலையே! காலைல எட்டு மணிக்கு நானே திரவத்தை மாத்தி இன்குபேட்டர்ல வெச்சேன்."

"எட்டுலேருந்து பத்தரை வரைக்கும் கூடவே இருந்தீங்களா?"

"ஒன்பதுலேருந்து பத்து இருபது வரைக்கும் குழு முன்னாடி விளக்கம் சொல்லிட்டிருந்தேன்."

"செல் அறைக் கதவு எண் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. உதவியாளர் அண்ணனுக்கு. அவருக்கு." கெடுபிடியின் கதவைக் கண்ணால் காட்டினாள். "ரெண்டு ஆய்வகத்துக்கும் ஒரே அறைதான். ஆனா அவர் ஏன் இதைத் தொடப்போறார்? தொடாமலே ஜெயிக்கிற ஆள்."

நாத்தனார் பதில் சொல்வதற்குள் நுண்ணோக்கி அறையிலிருந்து சத்தம் கேட்டது.

முற்பகல் 11.12.

"யாரு? எந்தப் புண்ணியவான்? எனக்குத் தெரிஞ்சாகணும்!"

கத்தியவர் ஆய்வக உதவியாளர். நுண்ணோக்கி விளக்கைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வதால் அவருக்குப் பெயர் பல்பு. அந்த விளக்குக்கு ஆயுள் இத்தனை மணி நேரம் என்று உண்டு. எரிந்த நேரத்தை ஒரு சின்னப் பெட்டி எண்ணிக்கொண்டே வரும். யார் போட்டாலும் நோட்டில் எழுத வேண்டும்.

"நேத்து சாயங்காலம் மூடும்போது 812.4 மணி. எழுதியிருக்கேன், பாருங்க. இன்னைக்குப் பத்தரைக்குப் போட்டேன், பதினொண்ணுக்கு அணைச்சேன். அரை மணி. இப்ப 812.9 காட்டணுமா வேண்டாமா? 813.4 காட்டுது! யாரோ அரை மணி நேரம் எரிச்சுட்டு நோட்டுல எழுதாம போயிருக்காங்க!"

"அண்ணே, எனக்கு வேலையே போகப்போகுது. நீங்க பல்புக்கு ஒப்பாரி வைக்கிறீங்க."

"உங்களுக்கு வேற வேலை கிடைக்கும்மா. இந்தக் கம்பெனி பல்பு இப்ப வர்றதே இல்ல."

நாத்தனார் அந்தப் பெட்டியையும் நோட்டையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள்.

"ஒன்பது மணிக்கு மேல நீங்க எங்கண்ணே இருந்தீங்க?"

"கீழே வாசல்ல. செல்லை உறையவைக்கிற நைட்ரஜன் வண்டி வந்துது. ஒன்பதே கால்லேருந்து பத்தே கால் வரைக்கும் இறக்கினோம். காவலாளி நோட்டுல போய்ப் பாருங்க. எழுதாம நான் மூச்சுகூட விடமாட்டேன்."

அவள் விடவில்லை. கீழே இறங்கிப் போய்ப் பார்த்தாள். வந்த நேரம், போன நேரம், ஒவ்வொரு உருளைக்கும் எதிரே பல்புவின் கையெழுத்து. ஒரு மணி நேரத்துக்குப் பதினொரு கையெழுத்து. காவலாளியும் வண்டியோட்டியும் அவர் நகரவேயில்லை என்றார்கள். "நகர்ந்திருந்தா எங்களுக்கு நிம்மதியா இருந்திருக்கும்" என்று காவலாளி சேர்த்துச் சொன்னான்.

பகல் 12.15.

"துளியே கெட்டுப்போயிருந்தா?" என்று கேட்டாள் நாத்தனார்.

அதைப் பார்க்க ஒரே வழிதான். மூன்றோடு சேர்த்து வளர்த்ததில் நாலாம் எண் தட்டு மிச்சமிருந்தது. காலையில் துளி எடுத்த அதே புட்டி, அதே அளவு. துளி விழுந்தது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

இருபது நொடி. இல்லை. முப்பது. இல்லை. ஆராய்ச்சிக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். நாத்தனார் எண்ணுவதை நிறுத்தவில்லை. நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது...

ஐம்பத்திரண்டாவது நொடியில் திரையின் ஓரத்திலிருந்து பச்சை கிளம்பிப் பரவியது. பல்பு கைதட்டியேவிட்டார்.

"ஏன் இவ்வளவு தாமதம்?" என்றாள் நாத்தனார்.

"கொழுப்பு அமிலம் தண்ணியில கரையாது. ஆல்புமின்னு ஒரு புரதந்தான் அதைச் சுமந்துட்டுப் போய்ச் செல் வாசல்ல இறக்கும். பழைய ஆல்புமின் தீர்ந்துபோச்சு. காலைல எட்டு மணிக்குத்தான் புதுசைப் பிரிச்சுக் கலந்தேன். இது கொஞ்சம் பிடிவாதக்காரன் போல, சுமையை லேசுல இறக்க மாட்டேங்குது."

"அப்ப ஐம்பத்திரண்டு நொடி ஆகும்னு இதுக்கு முன்னாடி யாருக்கும் தெரியாதா?"

"எனக்கே இப்பத்தானே தெரியுது!"

நாத்தனார் டிபன் பாக்ஸைத் திறந்து அண்ணி கையில் கொடுத்தாள். "சாப்பிடுங்க. நான் மேடத்தைப் பார்த்துட்டு வர்றேன்."

பகல் 12.40. தலைவியின் அறை.

"நீங்க யாரு?"

"நாத்தனார்."

"அது என்ன பதவியா?"

"எங்க வீட்டுல அதுக்கு மேல பதவி கிடையாது மேடம்."

தலைவிக்கு உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்து போனது. எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டுத் தலையாட்டினாள், இல்லை என்கிற மாதிரி.

"நாலாவது தட்டு உங்க கையில இருந்தது. நாங்க யாரும் பக்கத்துல இல்ல. மூணாவதை நேத்து எல்லார் முன்னாடியும் சீட்டு எடுத்துத் தேர்ந்தெடுத்தோம், அதுதான் கணக்கு. காது களைச்சிருந்துதுன்னு சொல்றீங்க. சரி. களைக்க வெச்சது யாருன்னு காட்டுங்க. நாலு மணி வரைக்கும் பேனாவை எடுக்க மாட்டேன். நாலு ஒண்ணுக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"காலைல நடந்ததை நீங்க வீடியோ எடுத்தீங்கள்ல, அதை மட்டும் அழிச்சுடாதீங்க மேடம்," என்றாள் நாத்தனார்.

பிற்பகல் 1.10. கெடுபிடியின் அறை.

காகிதங்கள் விளிம்பு பிசகாமல் அடுக்கியிருந்தன. கண்ணாடிக் கதவு போட்ட ஃப்ரிட்ஜில் ஒரே மாதிரிப் புட்டிகள், பெயர்ச்சீட்டெல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. அவர் நாற்காலி காட்டினார்.

"காலைல ஒன்பதுலேருந்து பத்தரை வரைக்கும் எங்க சார் இருந்தீங்க?"

"இங்கதான். படிச்சிட்டிருந்தேன்."

"கூட யாரும்?"

"இல்ல."

"செல் அறைக்குப் போனீங்களா?"

"எதுக்குப் போகணும்? அது வராதுன்னு எனக்குத் தெரியுமே."

"எத்தனை தடவை சார் செஞ்சு பார்த்தீங்க?"

"பத்தொன்பது." அந்த எண்ணைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அதில் பொய் இல்லை. பத்தொன்பது தடவை உழைத்து ஏமாந்தவனின் எரிச்சல் அது. "அவங்க எழுதினபடியே செஞ்சேன். ஒரு தடவையாவது வந்திருக்கணும்ல?"

"துளி விட்டா எவ்வளவு நேரம் பார்ப்பீங்க?"

"முப்பது நொடி. கட்டுரையில இருபதுன்னு இருக்கு, நான் பத்து நொடி சலுகை குடுத்தேன். அதுக்கு மேல திரையைப் பார்த்துட்டு உக்காந்திருக்கிறது வெட்டி வேலை."

"எப்பவும் முப்பதுதானா?"

"எப்பவும். நான் எதையும் மாத்தி மாத்திச் செய்யிற ஆள் இல்ல."

"ரொம்ப நன்றி சார்," என்று எழுந்தவள், ஃப்ரிட்ஜைக் காட்டினாள். "அழகா அடுக்கியிருக்கீங்க. ஒரு படம் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்குங்க," என்றார் அவர், கொஞ்சம் பெருமையோடு.

பிற்பகல் 3.25. கூட்ட அறை.

குழுவின் மூவர், ஆராய்ச்சிக்காரி, கெடுபிடி. கதவோரம் பல்பு. மேசைமேல் கையெழுத்துக்குத் தயாராக அறிக்கை. நாத்தனார் நின்றுகொண்டே பேசினாள்.

"மூணாவது தட்டு செவிடு இல்ல. களைச்சிருந்தது. பத்து நாற்பத்தொண்ணுக்கு முன்னாடியே யாரோ அதுக்குக் கொழுப்பு அமிலம் குடுத்துட்டாங்க. குடுத்தது மட்டுமில்ல, விளக்கைப் போட்டு அரை மணி நேரம் பார்த்திருக்காங்க. இதோ விளக்கு எரிஞ்ச கணக்கு. கதவு எண் தெரிஞ்சது மூணு பேருக்கு. எங்கண்ணி உங்க முன்னாடி இருந்தாங்க. இந்த அண்ணன் வாசல்ல கையெழுத்துப் போட்டுட்டு இருந்தார்."

"இது அபாண்டம்!" கெடுபிடி எழுந்தார். "விளக்குல என் பேரா எழுதியிருக்கு? அவங்க பரிசோதனையைக் கெடுக்க எனக்கு என்ன அவசியம்? அது தானே தோத்துப்போகும்னு நம்பினவன் நான்!"

"கெடுக்கணும்னு நீங்க போகலை சார். அதை நான் ஒத்துக்கிறேன். மேடம், வீடியோவைப் போடுங்க. திரையைப் பார்க்காதீங்க, ஆளுங்களைப் பாருங்க."

வீடியோ ஓடியது. முப்பதாவது நொடியில் தலைவியின் பேனா. பிறகு கொட்டாவி. பிறகு கைபேசி. பரிசோதனை செய்கிற ஆராய்ச்சிக்காரியே தலையைக் குனிந்துவிட்டாள். ஒரே ஓர் ஆள் மட்டும் நாற்பதாவது நொடிக்கு மேல் திரைப் பக்கம் சாய்கிறார். ஐம்பதில் கடிகாரத்தைப் பார்க்கிறார். மறுபடி திரை. அறுபதில் உதடு அசைகிறது.

"மேடம், நீங்க பக்கத்து நாற்காலி. என்ன சொன்னார்?"

தலைவி யோசித்தாள். "'ஏன் வரலை?' அப்படின்னார். ஆமா. எனக்குக் கேட்டுது."

"மூணு கடிதத்துலயும் 'வராது'ன்னு எழுதினவர், வராம போனதும் 'நான்தான் சொன்னேனே'ன்னுதானே சொல்லணும்? வீட்டுல ஆளே இல்லன்னு சத்தியம் பண்றவர், வாசல்ல நின்னு ஏன் திறக்கலைன்னு கேப்பாரா? இந்த அறையில இருந்த அத்தனை பேர்லயும் வரலையேன்னு ஆச்சரியப்பட்டது இவர் ஒருத்தர்தான். எப்பவும் முப்பது நொடிதான் பார்ப்பேன்னு மத்தியானம் எங்கிட்ட அடிச்சுச் சொன்னார். இன்னைக்கு மட்டும் ஒரு நிமிஷம் பார்த்தார். புது ஆல்புமின் போட்டதால ஐம்பத்திரண்டு நொடி ஆகும்னு எங்கண்ணிக்கே பன்னெண்டே காலுக்குத்தான் தெரியும். பத்து நாற்பத்தொண்ணுக்கே அது தெரிஞ்சவர், தன் கண்ணால பார்த்தவராத்தான் இருக்கணும்." அவள் திரும்பினாள். "சார், காலைல அது வந்துது. இல்லையா?"

கெடுபிடி உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அவங்க அந்தத் தட்டுல ஏதாவது தில்லுமுல்லு பண்ணியிருப்பாங்கன்னு நினைச்சேன். ஒன்பதரைக்குப் போய் அவங்க புட்டியிலேருந்தே ஒரு துளி விட்டேன். முப்பதுல வரலை. எழுந்துட்டேன். விளக்கை அணைக்கக் கை நீட்டும்போது வந்துது. ஐம்பத்திரண்டு. விளக்கை அணைக்காம பத்து மணி வரைக்கும் அதையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் திரவத்தை மாத்தி, இருந்தபடியே வெச்சுட்டு வந்துட்டேன். அவங்க செய்யும்போது வரும்னுதான் இருந்தேன். ஏழு மாசம் தப்பு சொன்னதுக்குத் தலைகுனியணும்னு தயாராத்தான் வந்து உக்காந்தேன். வரலை. சத்தியமா எனக்கு ஏன்னு புரியலை."

"ஒரு தடவை மாத்தினா போகாது," என்றாள் ஆராய்ச்சிக்காரி. "எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி பிளாஸ்டிக்ல ஒட்டிட்டு இருக்கும். காதே இல்லன்னு சாதிச்சவருக்குக் காது களைக்கும்னு எப்படித் தோணும்!" அவள் குரல் ஏறியது. "புரியலைன்னா அப்பவே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே? அஞ்சு மணி நேரமா நான் செத்துட்டு இருக்கேன். பையில என் உயிரை வெச்சுட்டு நீங்க பேசாம இருந்தீங்க!"

"தப்புதான். சொன்னா தட்டைத் தொட்டதையும் சொல்லணும். மூணு கடிதமும் என் கழுத்தைப் பிடிக்கும். பயந்துட்டேன். மெஷின்லேருந்து பதிவை அழிச்சேன். இதை மட்டும் அழிக்க மனசு வரலை. அவ்வளவு சுத்தமான பதிவு."

தலைவி போட்டுப் பார்த்தாள். மூலையில் 9.38 என்று நேரம். ஐம்பத்திரண்டாவது நொடியில் பச்சை.

நாத்தனார் தன் கைபேசியை அண்ணியிடம் நீட்டினாள். ஃப்ரிட்ஜ் படம். ஆராய்ச்சிக்காரி அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சார், பத்தொன்பது தடவையும் இந்த ஆல்புமின்லதான் செல்லை வெச்சிருந்தீங்களா?"

"ஆமா. சாதா ஆல்புமின்."

"நான் கட்டுரையில கொழுப்பு நீக்கினதுன்னு எழுதியிருக்கேன். சாதாவுல ஏற்கெனவே கொழுப்பு அமிலம் ஒட்டிட்டு இருக்கும். உங்க செல்லுங்க காதை வெளியே நீட்டவே இல்ல. துளி விட்டா எப்படிக் கேக்கும்? உங்க பிரச்சினையே கொழுப்புதான் சார்."

கதவோரம் பல்பு களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். ஆராய்ச்சிக்காரி சிரிக்கவில்லை. கெடுபிடி காது வரைக்கும் சிவந்துபோனார்.

"அம்மா," என்றாள் தலைவி, "நீங்க இல்லாத நேரத்துல, உங்களை நம்பாத ஒருத்தர் கையால செஞ்சு வந்திருக்கு. இதைவிடப் பெரிய நிரூபணம் எங்களுக்கு எங்க கிடைக்கும்? புகாரைத் தள்ளுபடி பண்றோம். இவர் விஷயம் தனி விசாரணைக்குப் போகும்."

ஆராய்ச்சிக்காரி அறிக்கையோடு வைத்திருந்த தன் பரிசோதனைக் கோப்பை இழுத்துப் புரட்டினாள்.

"மேடம், கடைசிப் பக்கத்துல 'செய்து சரிபார்த்தவர்'னு ஒரு கட்டம் இருக்கு. ஏழு மாசமா காலி. அதுல இவர் பேர் வரணும்."

"வேண்டாம்," என்றார் கெடுபிடி. "என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க. அது மட்டும் வேண்டாம்."

"மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்க. இன்னும் வயிறெரிஞ்சுட்டுதான் இருக்கு." அவள் பேனாவை அவர் பக்கம் நகர்த்தினாள். "ஆனா கெடுபிடி பார்த்தார்னா உலகமே நம்பும். நீங்க பார்த்தீங்க. எழுதுங்க சார்."

நாலு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது அவர் அந்தக் கட்டத்தில் தன் முழுப் பெயரையும் எழுதி, தேதி போட்டு, ஐம்பத்திரண்டு நொடி என்று பக்கத்தில் குறித்தார்.